எம்35ஏ2 லாரியின் பின் ஆக்சில்: ஹப் வேலையா, கேரியரா, முழு ஆக்சிலா?

எம்35ஏ2 என்பது முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று ஆக்சில் கொண்ட அமெரிக்க ராணுவ லாரி. அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பின் ஆக்சிலில் ஒருநாள் கை வைத்தே ஆக வேண்டும். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழியும், இல்லை என்றால் வேகம் ஏற ஏற ஓர் ஊளைச் சத்தம் கேட்கும். உடனே ஆக்சிலையே மாற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. என் கணக்கில் அது கடைசி வழி. பத்தில் பாதிக்கு மேல் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டிச் சுழலும் நடுப்பகுதியோடு, முடிகிற வேலைதான்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் அல்லது தொனி மாறினால் கிரவுன் வீல், பினியன் (விசையைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் கியர் ஜோடி) பக்கம் சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் திரும்பும்போது மட்டும் கூடியோ குறைந்தோ வந்தால் வீல் பேரிங். கியர் போடும்போது வரும் "டொக்" சத்தத்தை வைத்து டிஃபரன்ஷியலைக் குறை சொல்லாதீர்கள், ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் தண்டின் மூட்டான யூ ஜாயிண்ட்டை ஆட்டிப் பாருங்கள். இந்த ஆக்சில் இரட்டைக் குறைப்பு, பெவல் கியர் ஒரு ஜோடி, அதற்கப்புறம் ஹெலிக்கல் கியர் ஒரு ஜோடி. இரண்டு ஜோடியின் பல் இடைவெளியும் சேர்வதால் பினியன் ஃபிளாஞ்சை (அந்தத் தண்டு வந்து மாட்டும் தட்டை) கையால் திருப்பினால் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் அதே ஃபிளாஞ்ச் மேலும் கீழுமாக ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது.

ஹப் வேலை பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். ஆக்சில் ஃபுல் ஃபுளோட்டிங், அதாவது உள்ளே இருக்கும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே, பாரம் தாங்க அல்ல. அதனால் ஷாஃப்டை உருவ வண்டியைத் தூக்கக்கூட வேண்டாம், பாரம் முழுக்க ஹப் மேல் நிற்கிறது. டிரம்மைக் கழற்றத்தான் ஜாக்கியும் ஸ்டாண்டும் வேண்டும். காலி வண்டியே ஏறக்குறைய 6 டன், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் நீள் குழாய் போட்டு எதிர்த்திசையில் அழுத்தி ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. டிரம்மை இழுத்ததும் லைனிங்கை விரலால் தொட்டுப் பாருங்கள். கருத்துப் பளபளவென்று வழுக்கினால் கியர் ஆயில் உள்ளே ஊறிவிட்டது, பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் சூடு ஏறும்போது மறுபடி கசியும், புது லைனிங்தான் வழி. இந்த வண்டியின் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் விட்டால் மொத்த பிரேக்கும் போகும். அதனால் டிரம் வெளியே இருக்கும்போதே சிலிண்டரின் ரப்பரைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஹப்பில் புது எண்ணெய் சீல் போடும் முன் ஒன்று. ஆக்சில் மேலிருக்கும் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிக்கொண்டுதான் எண்ணெய் வரும். அதைச் சுத்தம் பண்ணாமல் மூன்று தடவை சீல் மாற்றிய வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கேரியர்தான், அதாவது கியர்களும் டிஃபரன்ஷியலும் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதிதான், கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறக் கூழ் மட்டும் என்றால் சாதாரணத் தேய்மானம். பல் முகத்தோடு துண்டு கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அதைப் பிரித்து நீங்களே கோப்பதா, நல்ல கேரியரை முழுதாக வைப்பதா? டயல் கேஜும் பிரஸ்ஸும் இருந்து, பினியன் பிரீலோடும் (பேரிங்கின் இறுக்கம்) பல் பதிவும் சிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிபார்த்த பழக்கமும் இருந்தால் மட்டும் பிரியுங்கள். இல்லை என்றால் நன்றாக ஓடிய வண்டியிலிருந்து எடுத்த முழு கேரியரே மேல். ஏற்கெனவே ஒன்றாகப் பழகித் தேய்ந்த பற்களை அப்படியே விட்டுவிடுவது புதிதாகச் சேர்ப்பதைவிட நிம்மதி. கேரியர் ஹவுசிங்கின் மேல்பக்கம் போல்ட் செய்திருக்கும். ஷாஃப்ட் இரண்டையும் உருவிவிட்டு மேலே தூக்க வேண்டும், அங்கேதான் சரக்குப் பெட்டி இடிக்கும். செயின் பிளாக் இல்லாமல் இறங்காதீர்கள், விரல் போகிற எடை அது.

முழு ஆக்சில் மாற்றம் எப்போது? ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் விரிசல் விட்டிருந்தால், வளைந்திருந்தால், ஹப் சுழலும் முனையான ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடம் அரித்துப்போயிருந்தால். அப்போது வேறு வழியே இல்லை. மற்றபடி ஆக்சிலைச் சேஸியோடு பிணைக்கும் டார்க் ராட் முனைகளைத் தட்டி எடுப்பதே அரை நாளை விழுங்கும், பிரேக் லைனை வேறு அவிழ்த்து மறுபடி காற்று எடுக்க வேண்டும். வருகிற ஆக்சிலின் கியர் விகிதத்தையும் பாருங்கள். இந்த வண்டியில் 6.72. இரண்டு பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, நடு ஆக்சிலின் பினியன் ஷாஃப்ட் வழியாகத்தான் கடைசி ஆக்சிலுக்கு விசை போகிறது. விகிதம் வேறானாலோ டயர் அளவு வேறானாலோ இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே ஓடும். அப்புறம், மாற்றி வந்த ஆக்சில் என்றாலும் அதன் ஹப்பைத் திறந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். வருஷக்கணக்கில் வெளியே கிடந்ததின் சீல் காய்ந்துதான் இருக்கும்.