10டபிள்யூ-30, 20டபிள்யூ-50: உதகைக்கு எந்த இன்ஜின் ஆயில்?

குளிர் ஊருக்குக் கெட்டியான ஆயில்தான் பாதுகாப்பு என்று உதகையில் சிலர் நம்புகிறார்கள்; காலைக் குளிரைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் இன்ஜின் சூடான பிறகு அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கின்றன.

100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை (சென்டிஸ்டோக் அதன் அலகு; எண் கூடினால் கெட்டி அதிகம்):
10டபிள்யூ-30: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள்.
20டபிள்யூ-50: 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்குக்குள். கெட்டி என்று சொல்லத்தக்கது இதுதான்.

உறைபனிக் காலை:
10டபிள்யூ-30: விரைவாக மேலேறி வால்வுப் பகுதியை நனைக்கும்.
20டபிள்யூ-50: இதிலும் வண்டி கிளம்பும், ஆனால் ஆயில் தாமதமாகவே மேலே சேரும் என்பதால், அந்தச் சில நொடிகளில் தேய்மானம் கூடும். கிளம்பியவுடன் ஆக்சிலரேட்டரை முறுக்குவது இதனால்தான் தவறு.

மேட்டுப்பாளையத்திலிருந்து சுமையோடு மலையேறும்போது:
10டபிள்யூ-30: நல்ல நிலையிலுள்ள, இந்த அளவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட இன்ஜினுக்குப் போதும், எரிபொருளும் சற்று மிச்சமாகும்.
20டபிள்யூ-50: தேய்ந்து இடைவெளி கூடிய பழைய இன்ஜினில் ஆயில் படலம் அறுபடாமல் காக்கும்.

ஆகவே, கையேடு 30 என்று சொல்லும் புதிய கார்களுக்கு முதலாவதையும், ஆயில் குடிக்கும் பழைய ஜீப்புகளுக்குக் கையேடு அனுமதித்தால் இரண்டாவதையும் பரிந்துரைப்பேன். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு, எந்த எண்ணாயினும், டப்பாவில் ஜாசோ எம்ஏ (அத்தகைய கிளட்ச் வழுக்காமல் இருப்பதற்கான ஜப்பானியத் தரம்) தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.