சம்பள வரியா, வற் வரியா: எது கூட நோகுது?

இலங்கையில ரெண்டையும் கட்டுற ஆள் எண்டபடியா சொல்லுறன். சம்பள வரி வந்தா கண்ணுக்குத் தெரியும், சம்பளத் துண்டில தனிக் கழிவா நிக்கும், பார்த்ததும் வயிறு எரியும். 2023ல மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எடுத்தாலே வெட்டினாங்கள், மேல்மட்டத்தில 36 வீதம், எத்தினை டொக்டர்மார் பெட்டி கட்டினவை. 2025 ஏப்ரல்ல அந்த எல்லைய ஒன்றரை லட்சமாக்கினது கொஞ்சம் மூச்சு விட வைச்சுது, அவ்வளவுதான்.

வற் (VAT, சாமான் வாங்கேக்க விலையோட சேர்த்து எடுக்கிற வரி) அப்பிடி இல்ல, சத்தமில்லாம வரும். 1000 ரூபா சாமானுக்கு 180 ரூபா, கூலி வேலைக்குப் போறவருக்கும் அதுதான், மந்திரிக்கும் அதுதான். 2019 கடைசியில 15ல இருந்து 8 வீதமா குறைச்சாங்கள், நாங்களும் சந்தோசப்பட்டம் (நானும்தான், ஒளிக்கேல்ல), கஜானா காலியாகி 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு கைய விரிச்சாங்கள், பிறகு அதே வருசம் 12, 15, 2024 ஜனவரியில 18 எண்டு ஏத்தி, அதுவரை விலக்கா இருந்த சமையல் காஸ், பெற்றோலுக்கும் போட்டாங்கள்.

என்னைக் கேட்டா வற்தான் மோசம். சம்பள வரி உழைக்கிறவனிட்ட, அதுவும் ஒரு அளவுக்கு மேல உழைச்சாத்தான் எடுக்கும், வற் வேலையே இல்லாதவன் வாங்குற சவுக்காரத்திலயும் எடுக்கும். குறைச்சுப் பிழை விட்டது ஆர், இப்ப கட்டுறது ஆர்?