சிறுத்தை விரட்டும் சோலார் விளக்கு: பட்டிக்குச் சரி, வயலுக்கு வீண்

திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் (வி.கே.புரம்), மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் இந்த விளக்கைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு கார், ஒரு பிசானம் என்று இரண்டு நெல் பருவமும் ஆட்டுப் பட்டியில் மாட்டிப் பார்த்தாயிற்று. இனி சொல்லலாம்.

மேலே சின்னதாக சோலார் தகடு, சுற்றிலும் வெள்ளையும் நீலமுமாக எல்இடி பல்புகள். பொழுது சாய்ந்ததும் தானே எரியும், விடிந்ததும் தானே அணையும். மின்னுவதில் ஒழுங்கே கிடையாது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒரே சீராக மின்னினால் மிருகம் சீக்கிரம் பழகிக்கொள்ளும். கண்டபடி மின்னினால் யாரோ டார்ச்சோடு நடமாடுவது போலத் தெரியும். ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயி நரித் தொல்லைக்காகக் கண்டுபிடித்த யோசனை இது. நான் வாங்கியது அதே மாதிரி இங்கே செய்து விற்கும் ஒரு சரக்கு. விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால்.

என்னிடம் இருப்பது கன்னி இனத்து ஆடுகள், பெரும்பாலும் பால்கன்னி வகை. பட்டிக்கு மேற்கே ஒரு பொத்தை (சின்னப் பாறைக்குன்று), அதைத் தாண்டினால் காடு. சிறுத்தை அந்தப் பொத்தை வழியாகத்தான் இறங்கும். முதலில் தெரு நாய்கள் குறையும், அப்புறம் ஆடு. விளக்கு மாட்டிய பிறகு பட்டிக்குள் சிறுத்தை வரவில்லை. கால்தடம் ஓடைக்கரை வரை வந்து, அங்கிருந்தே ஒதுங்கிப் போயிருக்கிறது. விளக்குதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முள்வேலியையும் அதே சமயம் உயர்த்திக் கட்டினேன். ஆனால் வேலியைப் பார்த்து ஓடையிலேயே நிற்கிற சிறுத்தை எதுவும் கிடையாது.

சிலி நாட்டு மலை மேட்டில் லாமா, அல்பாக்கா மந்தைகளுக்கு இதே வகை விளக்கை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். விளக்கு இருந்த மந்தைகளில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனை ஒன்றைக்கூட அடிக்கவில்லை, இல்லாத மந்தைகளில் அடித்தது. நரி மட்டும் விளக்கைச் சட்டை செய்யவே இல்லை. எங்கள் ஊர் நரியும் அப்படித்தான். பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டி இருந்தால், விளக்கை நம்பாமல் கூடை போட்டு மூடி வையுங்கள்.

இப்போது குறைகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் வெயில் தலைகாட்டாவிட்டால் நடுச்சாமத்துக்கு மேல் விளக்கு மங்கிவிடும். சிறுத்தைக்கு அந்த நேரம்தான் தோது. ஆனியில் மலைக்காற்று கிளம்பினால் கூடக் கொடுக்கும் பிளாஸ்டிக் கொக்கி தாங்காது. கட்டுக்கம்பி போட்டு இறுக்குங்கள். திருகாணிகள் முதல் சாரலிலேயே துருப்பிடித்தன. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "டிக்கெட் போட்டாச்சு சார்" என்பார்கள், அத்தோடு சரி. இன்னொன்று, ஒரே இடத்தில் விட்டுவைக்காதீர்கள். கம்பத்தை வாரம் ஒருமுறையாவது மாற்றி நட வேண்டும். பெட்டியில் வரும் தாளில் இதைப் போடவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோவில் போய்விட்டு ராத்திரி திரும்பியவர்கள், "தோட்டத்துல போலீஸ் ஜீப் நிக்குதா?" என்று மறுநாள் விசாரித்தார்கள். தேங்காய்த் திருட்டு குறைந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை.

வயலுக்கு வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். காட்டுப்பன்றி இந்த வெளிச்சத்திலேயே நின்று நெல்லை உழப்பும். இங்கேதான் எனக்கும் பக்கத்து வயல் அண்ணாச்சிக்கும் தகராறு. அவரிடம் ஆடு கிடையாது, நெல் மட்டும். "வே, சிறுத்த வந்த பொறவுதான் பன்னிக்குட்டி கொறஞ்சிருக்கு. உம்ம ஆட்டுக்காக அத வெரட்டுதீரே!" என்கிறார். அவர் சொல்வதும் நிஜம்தான். எனக்கே வயலும் இருக்கிறது, பட்டியும் இருக்கிறது. வயலில் நிற்கும்போது சிறுத்தை வேண்டும், பட்டியில் நிற்கும்போது வேண்டாம்.

இந்தச் சண்டை உலகம் முழுக்க இருக்கிறது போல. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று 2020-ல் மக்களிடம் ஓட்டுக்கே விட்டார்கள். 51 சதவீதத்தைக்கூடத் தொடாமல், மயிரிழையில் ஜெயித்தது. ஆதரவு பெரும்பாலும் நகரத்து ஓட்டு. ஓநாயை விடவேண்டிய மலைப்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். 2023 டிசம்பரில் 10 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மாடு போனால் ஒன்றுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு உண்டு. அவ்வளவு பணத்துக்குப் பிறகும் கோபம் அடங்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆடு செத்த அன்று காலையில் யாரும் பணத்தை நினைப்பதில்லை.

நமக்கு யாரும் கொண்டுவந்து விடவில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது 1988-ல். சிறுத்தை அதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பதுதான். நம் ஊரில் நடப்பது வேறு: பிடித்துக் கொண்டுபோய் இன்னோரிடத்தில் விடுவது. 2024 மே மாதம் எங்கள் பக்கத்து வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தபோது எல்லோருக்கும் நிம்மதிதான், எனக்கும்தான். ஆனால் மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் இப்படிப் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டதில், ஆண்டுக்குச் சராசரி 4 என்றிருந்த மனிதர்கள் மீதான தாக்குதல் 2001 முதல் 2003 வரை 17 ஆனது. அதைப் படித்த பிறகு கூண்டு கேட்டு மனு எழுதக் கை வரவில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்; புதிதாக வருவதற்கு நம் பட்டியும் தெரியாது, நம் நடமாட்டமும் தெரியாது. பொத்தையில் இருக்கும் பழைய சிறுத்தை பட்டியை விட்டுவிட்டுப் பன்றிக்குட்டியைத் தின்றுகொண்டிருந்தால் அண்ணாச்சிக்கும் லாபம், எனக்கும் லாபம். மூவாயிரம் ரூபாய் விளக்கிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அதை அது செய்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பத்து இருபது ஆடு உள்ள பட்டிக்கு இரண்டு போதும், எதிரெதிர் மூலையில், ஆட்டின் தலைக்கு மேல் உயரத்தில். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டி ஒரு வருடம்தான். வாங்குவதாக இருந்தால் புரட்டாசிக்கு முன்பே வாங்கி, வெயில் இருக்கும்போதே நன்றாக சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு வாங்கினால் சரக்கு மட்டமா, வெயில் இல்லாததா என்று கண்டுபிடிக்கவே தை பிறந்துவிடும்.