வீட்டு, சிறு அலுவலக வைஃபை: நெடுநாள் பயன்பாட்டில் நிலைத்தவையும் கைவிட்டவையும்

கீழ்த்தளத்தில் சிறு அலுவலகமும் மேல்தளத்தில் வீடும் உள்ள ஒரு கட்டடத்தில், ஒரே இணைய இணைப்பைப் பல ஆண்டுகளாக வைஃபை வழியாகப் பகிர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ரௌட்டர்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதப்படுவதால் அவற்றில் வேக அளவீடுகளே நிறைந்திருக்கின்றன. எந்த அமைப்பு ஆண்டுக்கணக்கில் தொந்தரவின்றி நிற்கும், எது சில மாதங்களில் சலித்துப்போய் அணைக்கப்படும் என்பது அவற்றிலிருந்து தெரியவராது. நான் கண்டவரையில், யாராவது ஒருவர் அன்றாடம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் நீடிக்கவில்லை. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடியவை நீடித்தன.

பாதுகாப்புக்கு முன் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணைய கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் மூலையிலேயே ரௌட்டரையும் மாட்டிவிடுவது வழக்கம். வைஃபைக்கு அந்த மூலையைவிட மோசமான இடம் அரிதாகவே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி ஓரளவு தொலைவு செல்லும் என்றாலும், மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் அதிலேயே இயங்குவதால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் தளத்தைக் கடப்பதற்குள் வெகுவாக மெலிந்துவிடும். மேல்தளத்துக்கு முதலில் பயன்படுத்திய ரிப்பீட்டர், வாங்கிய தகவலை அதே அலைவரிசையில் மறுபடியும் அனுப்பும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு தகவலும் இருமுறை காற்றில் ஏற வேண்டியிருப்பதால் அத்தகைய கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பின்னர் தளங்களுக்கிடையே ஓர் ஈதர்நெட் கேபிளை இழுத்து, மேலே இரண்டாவது கருவியை, தனி வலையமைப்பை உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் முறையில் வைத்தோம். இத்தனை ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது இந்தக் கேபிள்தான். அந்த இரண்டாவது கருவியை வழக்கமான ரௌட்டர் முறையிலேயே விட்டிருந்தால் அது தனி ஐபி முகவரிகளை வழங்கி, ஒரு வலையமைப்புக்குள் இன்னொன்றை உருவாக்கியிருக்கும். கீழிருக்கும் கணினிக்கு மேலிருக்கும் கோப்புச் சேமிப்பகம் கண்ணிலேயே படாது.

அலைவரிசையின் உட்பிரிவான சேனலைத் தேர்ந்தெடுப்பதிலும் தானியங்கி அமைப்பை நம்பி விடுவது எப்போதும் சரிப்படவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே. இடைப்பட்ட எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்துக் குறுக்கீட்டையும் வாங்கிக்கொள்ள நேரும். 5 கிகாஹெர்ட்ஸின் சிக்கல் வேறு வகையானது. அதன் சில சேனல்களை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துவதால், ரேடார் சமிக்ஞை தென்பட்டதும் ரௌட்டர் அந்தச் சேனலைக் காலிசெய்தாக வேண்டும் என்பது விதி. காணொளி அழைப்பின் நடுவே காரணமின்றி இணைப்பு அறுந்ததற்கு இது காரணமாக இருக்கலாம் என்று ரௌட்டரின் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை நிரந்தரமாக அமைத்த பின் அந்தத் தொல்லை இல்லை.

இனி மறையாக்கம், அதாவது காற்றில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது. 1997-இல் வந்த வெப் (WEP) என்ற மறையாக்க முறையின் அடிப்படைக் குறை 2001-லேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது; அதன் இடத்தில் 2003-இல் டபிள்யூபிஏவும் (WPA), 2004-இல் டபிள்யூபிஏ2-வும், 2018-இல் டபிள்யூபிஏ3-உம் வந்தன. டபிள்யூபிஏ2-ஐப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு கருவி இணையும்போது நடக்கும் தொடக்கப் பரிமாற்றத்தைத் தெருவிலிருந்தே பதிவுசெய்துகொண்ட ஒருவர், அதன்பின் நம் ரௌட்டரின் பக்கமே வராமல், தன் கணினியில் வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்க முடியும். இதைத் தடுப்பது கடவுச்சொல்லின் நீளம் மட்டுமே. 8 முதல் 63 எழுத்துகள் வரை அனுமதி உண்டு. எட்டில் நிறுத்திக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைத் தமிழ் ஒலிப்பிலேயே ஆங்கில எழுத்துகளில் கோத்து வைத்துள்ளோம். அதை வாய்மொழியாகச் சொல்வது எளிது, ஊகிப்பது கடினம். வலையமைப்பின் பெயரும் மறையாக்கத் திறவுகோலை உருவாக்கும் கணக்கில் சேர்வதால், ரௌட்டருடன் வரும் பொதுப் பெயரை மாற்றுவதும் பயனுள்ளது: பரவலான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் உலவுகின்றன.

டபிள்யூபிஏ3-இல் ஒவ்வோர் ஊகத்தையும் ரௌட்டரிடமே நேரில் சோதித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் அந்தத் தாக்குதல் பெரும்பாலும் பயனற்றுப்போகிறது. புதிய கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் சிக்கலின்றி இணைந்தன. பழைய பிரின்டர் இணையவில்லை. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருந்தாலும், அதில் டபிள்யூபிஏ2-இன் பலவீனமும் உடன் தொடர்வதால், முதன்மை வலையமைப்பை டபிள்யூபிஏ3-இல் மட்டும் வைத்து, பழையவற்றைத் தனியே பிரித்துவிட்டோம்.

கைவிட்டவற்றில் முதலாவது, வலையமைப்பின் பெயரை மறைத்துவைப்பது. பெயர் மறைந்திருந்தாலும் இணையும் கருவிகள் அதைக் காற்றில் உச்சரித்தபடியேதான் இருக்கும். தேடுபவருக்கு அது தடையே அல்ல, வீட்டுக்கு வரும் உறவினருக்குத்தான் தடை. அடுத்தது, அனுமதிக்கப்பட்ட மேக் (MAC) முகவரிகளின், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்களின், பட்டியல். அந்த முகவரி மறையாக்கமின்றியே பயணிப்பதால் எவரும் அதைப் பார்த்து நகலெடுக்கலாம். போதாக்குறைக்கு, 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் ஐஓஎஸ் 14-உம் வலையமைப்புக்கு வலையமைப்பு வேறுபடும் போலி முகவரியைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து, பட்டியலைப் பராமரிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொண்டோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்தாகிவிட்டது. அந்த எண்ணை ரௌட்டர் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது.

இத்தனைக்கும் மேலாக நான் மதிப்பது கெஸ்ட் நெட்வொர்க் எனப்படும் விருந்தினர் வலையமைப்பை. பெயர் விருந்தினரைக் குறித்தாலும், அதில் நிரந்தரமாகக் குடியிருப்பவை தொலைக்காட்சியும் கண்காணிப்பு கேமராவும் ஸ்மார்ட் பிளக்குகளும்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களையே முடக்கியது; அத்தகைய கருவியொன்று நம்மிடமும் இருந்து, அது அலுவலகக் கணக்குக் கோப்புகள் உள்ள கணினியுடன் ஒரே வலையமைப்பில் இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிரித்ததற்கு ஒரு விலையும் உண்டு: கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்ப வேண்டுமானால் கைப்பேசியையும் அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். வீட்டார் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. வைஃபையில் தடுமாறிய பிரின்டரைக் கேபிள் வழியே முதன்மை வலையமைப்பில் இணைத்ததும் அந்த விவகாரம் முடிந்தது.

அலுவலகத்துக்கென்று ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வதால், ஒருவர் பணியிலிருந்து விலகினால் அனைவருக்கும் அதை மாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தரும் என்டர்பிரைஸ் முறை இதற்குச் சரியான தீர்வு. ஆனால் அதற்கு, அந்தக் கணக்குகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்றைப் பராமரிக்க வேண்டும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களுக்கு அது மிகை என்றே கருதுகிறேன். ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளை விருந்தினர் பக்கத்திலேயே வைத்து, முதன்மைக் கடவுச்சொல்லை அலுவலகக் கணினிகளில் மட்டும் நாமே பதிந்துவைத்ததால், மாற்ற வேண்டிய தேவை பெரிதும் குறைந்திருக்கிறது.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் செய்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிர்வாகக் கடவுச்சொல்லை வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறாக வைத்தோம்; வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் தாமாகவே வெளியுலகுக்கு வாயில் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பியையும் அணைத்தோம்; எல்லாம் முடிந்ததும் அமைப்புகளின் காப்புக் கோப்பைச் சேமித்துக்கொண்டோம். ரௌட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பு நள்ளிரவில் தானாக நடக்கிறது.

முந்தைய ரௌட்டரை மாற்றியதும் வேகம் போதாமையால் அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கருவிக்குத் தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டார் என்பதே காரணம். ஆகவே இப்போதைய கருவியை வாங்கும்போது ஆன்டெனாக்களை எண்ணிப் பார்க்காமல், எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வழங்கப்படும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தந்திருந்த மாடல்களை மட்டுமே பரிசீலித்தேன். பட்டியல் மிகவும் சுருங்கிப்போனது, தேர்வும் எளிதாகிவிட்டது.