வேலூரில் பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு: மீட்டரில் 62,000, பானெட்டுக்குள் 1,72,000

வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் இயங்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடையில் 2017 மாடல் டீசல் செடான் ஒன்றை 4,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஒரே கை, 62,000 கிலோமீட்டர், முழுக்க கம்பெனி சர்வீஸ், இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நேரிலும் அதையே சொன்னார்கள். இந்த நான்கில் ஒன்றுகூட முழு உண்மை அன்று. விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வழி அந்த ஒரு கடையோடு முடிவதில்லை என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. பழைய வண்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

வாங்குவதற்கு முன் வழக்கமாகச் செய்யச் சொல்லும் சோதனைகளையெல்லாம் செய்தேன். வண்டிப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்ததில் உரிமையாளர் வரிசை எண் 1 என்றும், வங்கிக் கடன் ஏதும் நிலுவையில் இல்லை என்றும் வந்தது. டி.என். 23 பதிவு, ஆகவே வெளியூர் வண்டியும் அன்று. கிரீன் சர்க்கிளில் தொடங்கி காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கி வரும்வரை ஓட்டிப் பார்த்ததில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. பாலிஷ் போட்டு, உள்ளே ஷாம்பூ வாஷ் செய்து, இருக்கைகளுக்குப் புது உறையும் மாட்டி வைத்திருந்தார்கள். செயலியில் எல்லாம் சரியாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று முழுவதும் அந்தச் ‘சரியாக இருப்பதை’ நம்பித்தான் நடக்கிறது.

சமதரையில் ஒளிந்திருந்த குறை ஏலகிரி மலையில் வெளியே வந்தது. பொன்னேரி அடிவாரத்தில் இருந்து குடும்பத்தோடு ஏறத் தொடங்கிச் சில கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகர மறுத்தது. கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்தது. பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் புகையைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். ஏ.சி.யை அணைத்துவிட்டு, மொத்தம் 14 வளைவுகளையும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஏறி முடித்தோம்.

மறுவாரம் காட்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டேன். அவர் இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே ஓட்டுநர் இருக்கையின் புது உறையைக் கழற்றி, கதவுப் பக்கமாக இருக்கும் மெத்தை விளிம்பை அழுத்திக் காட்டினார். உள்ளே பஞ்சு நொறுங்கித் தூளாக இருந்தது. பிறகு பெடல்களைக் காட்டினார். “சார், கிளட்ச், பிரேக் ரப்பர் ரெண்டும் புதுசு. அறுபதாயிரம் ஓடின வண்டிக்கு ரப்பர் மாத்தவேண்டிய அவசியமே வராது. தேஞ்சத மறைக்கத்தான் மாத்துவாங்க” என்றார். பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியின் பின்புறம் டார்ச் அடித்தபோது, ஆயில் மாற்றும் கடைகளில் ஒட்டுவார்களே, அந்தச் சிறிய ஸ்டிக்கர் ஒன்று பாதி சுரண்டப்பட்ட நிலையில் இருந்தது. சுரண்டியவருக்குக் கை எட்டவில்லை போலும். தேதி அழிந்திருந்தது, ஆனால் ‘அடுத்த ஆயில்’ என்பதற்கு எதிரே பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய 1,72,000 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சாட்ட முடியாது என்பதால், அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திற்கு ஆர்.சி.யை எடுத்துச் சென்று பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேட்டேன். பதிவெண்ணை வைத்தே அவர்களுடைய கணினியில் எல்லாம் கிடைக்கிறது. கடைசியாக வண்டி அங்கே வந்தது 2021 மார்ச்சில். அன்றைய மீட்டர் அளவு 71,306. அதாவது, சில ஆண்டுகளுக்கு முன்பே 71,000-த்தைத் தாண்டிய வண்டியை எனக்கு 62,000 ஓடியதாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த அச்சுப் பிரதியில் நிலையத்தின் முத்திரையோடு கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். இந்த வழக்கில் எனக்கு இருக்கும் வலுவான ஆவணம் அதுதான். வாங்குவதற்கு முன்பாகவே விற்பவரை இந்தப் பிரதியை எடுத்துத் தரச் சொல்லலாம்; ‘கம்பெனி சர்வீஸ்’ என்று பெருமையாகச் சொல்பவர் இதைத் தர மறுத்தால் அங்கேயே விலகிவிடலாம்.

அதற்குப் பிறகுதான் ஆர்.சி.யில் பெயருள்ளவரைத் தேடினேன். அவர் குடியாத்தத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். தொலைபேசியில் நான் பதிவெண்ணைச் சொன்னவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, அந்த வண்டி இப்ப உங்ககிட்டதான் இருக்கா? தயவுசெஞ்சு பேர மாத்திக்குங்க” என்பதாக இருந்தது. அவர் 2021-இலேயே வண்டியை வேறொரு தரகரிடம் விற்றுவிட்டார். படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ‘பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வண்டி வாடகை ஓட்டும் ஒருவரிடம் போயிருக்கிறது. சென்னையில் வேகமாகப் போனதற்கும், சிக்னலைத் தாண்டியதற்கும் அபராதக் குறுஞ்செய்திகள் இவருடைய கைபேசிக்கு ஓராண்டுக்கும் மேலாக வந்துகொண்டிருந்தனவாம். விற்ற வண்டிக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, நான் வந்து சேர்ந்தது ஒரு விடிவாக இருந்திருக்க வேண்டும்.

‘ஒரே கை’ என்று செயலி காட்டியதன் ரகசியம் இதுதான். வண்டி குறைந்தது மூன்று பேரிடம் கை மாறியிருக்கிறது. பதிவேட்டில் மட்டும் ஒருவர் பெயர்தான். வரிசை எண் 1 என்றிருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்பதாலும், ஒவ்வொரு முறையும் பெயர் மாற்றக் கட்டணம் மிச்சமாகும் என்பதாலும் இடையில் இருப்பவர்கள் யாரும் பெயரை மாற்றுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: வண்டி யார் கையில் இருந்தாலும், விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. குடியாத்தத்து ஆசிரியருக்கு அபராதக் குறுஞ்செய்திகளோடு போனது அவருடைய நல்ல நேரம்.

இந்த வகை ஏமாற்று வேலூரில் அதிகம் நடப்பதற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரவும், கொண்டுபோய் விடவும், இடையில் ஸ்ரீபுரம், திருப்பதி என்று கூட்டிப்போகவும் வாடகை வண்டிகளுக்கு ஓய்வில்லாத வேலை இருக்கிறது. வாடகை வண்டிக்குரிய மஞ்சள் எண் பலகையோடு முறையாக ஓட்டுபவர்கள் பலர். ஆனால் வெள்ளைப் பலகையுள்ள சொந்த வண்டிகளையும், ஓன் போர்டு என்பார்களே, வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையம் போய்வர ஏறக்குறைய 280 கிலோமீட்டர். மாதத்துக்குப் பத்து முறை போனாலே ஆண்டுக்கு 33,000-த்தைத் தாண்டும். மூன்று ஆண்டில் ஒரு லட்சம். என் வண்டியின் 71,306-க்கும் ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் எங்கே ஓடியது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பலகை வண்டிக்குப் பதிவேட்டில் டாக்ஸி என்ற தடயமே இருக்காது. மஞ்சளில் இருந்து வெள்ளைக்கு மாற்றிய வண்டியாக இருந்தாலாவது பழைய பதிவில் கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டரைத் திருப்புவது எப்படி என்று பாயிடம் கேட்டேன். முன்பு பற்சக்கரம் வைத்த மீட்டர்களில் எண்கள் கோணலாக நிற்கும்; பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது ஓடிய தூரம் மீட்டர் பலகையில் உள்ள சிறிய நினைவகச் சில்லில் எண்ணாகப் பதிந்திருக்கிறது. ஒரு மடிக்கணினியும் கம்பியும் இருந்தால் வேண்டிய எண்ணை எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆகவே மீட்டரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்டீயரிங் தோல் வழவழப்பாகிவிட்டதா, பிரேக் டிஸ்கின் விளிம்பு எழும்பி நிற்கிறதா, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் உள்ளே நார் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 62,000 மட்டுமே ஓடிய வண்டியில் நான்கு டயர்களும் இரண்டாவது தடவை மாற்றியவையாக இருந்தால் கணக்கு உதைக்கிறது. சீட் பெல்ட் சோதனையால் இன்னொரு பயனும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால் பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டதுபோல் நிற்கும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் வண்டல் இருக்கும்.

இன்சூரன்ஸ் கதை சுருக்கமானது. நடப்பில் இருந்தது உண்மை. ஆனால் அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் இழப்புக்கு மட்டுமானது. முழுக் காப்பீடாக இருந்திருந்தாலும், 14 நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. ‘ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸோடு வருகிறது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் தரும் அந்தச் சலுகை விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

கிளட்ச் செட், டர்போ, சஸ்பென்ஷன் புஷ்கள் என்று 68,000 ரூபாய் செலவான பில்களோடு கடைக்குப் போனேன். விற்கும்போது டீ வாங்கிக் கொடுத்தவர் இப்போது உட்காரக்கூடச் சொல்லவில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான் சார். நீங்க ஓட்டிப் பாத்துத்தான எடுத்தீங்க? மீட்டர்ல என்ன இருந்துச்சோ அததான் நாங்க சொன்னோம்” என்றார். டெலிவரி நோட்டைக் காட்டினேன். அதில் கிலோமீட்டர் என்ற கட்டம் காலியாக இருந்தது. கீழே ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்திருந்தது. அந்தக் கட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் காலியாகவே விடுகிறார்கள் என்பதை அவருடைய மேசையில் கிடந்த நோட்டுப் புத்தகத்தின் கார்பன் பிரதிகளிலேயே பார்த்தேன். ஆனால் வாட்ஸ்ஆப்பில் அவர் அனுப்பிய விளம்பரப் படமும், ‘62 தான் சார், கேரண்டி’ என்ற குரல் பதிவும் என்னிடம் இருக்கின்றன.

‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்துவிட்டால் பொய் சொல்லலாம் என்று பொருளாகாது. பொருளின் தரம் குறித்துப் பொய்யான தகவல் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பிறகு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினேன், பதில் இல்லாததால் மனு கொடுத்தேன். இன்னொன்றும் உண்டு: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை அவர்களிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். கடையில் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். நான் பிறகு கேட்டபோது எனக்குக் காட்டியது ஜி.எஸ்.டி. சான்று.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யில் பெயருள்ளவரிடம் நேரில் பேசுங்கள், குறைந்தது வீடியோ அழைப்பிலாவது. எப்போது விற்றார், அப்போது மீட்டரில் எவ்வளவு இருந்தது என்ற இரண்டு கேள்விகள் போதும். ‘ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், ஃபார்மில் கையெழுத்து எல்லாம் ரெடி’ என்றால் வேறு வண்டி பாருங்கள். டெலிவரி நோட்டில் கிலோமீட்டர் அளவைக் கடைக்காரர் கையாலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அண்மையில் அந்தப் பக்கமாகப் போனபோது அந்தக் கடைக்கு வேறு பெயர்ப் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையில் இருந்த கைபேசி எண் மட்டும் எனக்கு வண்டி விற்றபோது இருந்த அதே எண். ஆகவே கடைப்பெயரை வைத்து விசாரிப்பதைவிட எண்ணை வைத்து விசாரிப்பது பயன் தரும்.