செயற்கை இடுப்பு மூட்டுடன் 12 ஆண்டுகள்

வலது இடுப்பில் செயற்கை மூட்டு பொருத்தியபோது எனக்கு வயது 70. இப்போது 82. "எத்தனை வருடம் தாங்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அன்று அதையே கேட்டேன். மூட்டு மாற்று அறுவைகளின் தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, 15 ஆண்டுகள் கழித்தும் சுமார் 89 விழுக்காடு மூட்டுகள் மாற்றப்படாமல் நீடிக்கின்றன. 25 ஆண்டுகளில் சுமார் 58 விழுக்காடு. என் வயதில் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மூட்டு ஆயுளுக்கும் போதும்.

புரண்டு படுக்கும்போதெல்லாம் குத்தி எழுப்பிய அந்தப் பழைய வலி முதல் வாரத்திலேயே போயிற்று. இன்றுவரை வரவில்லை.

என் வருத்தம் தசையைப் பற்றியது. வலி மாத்திரையும் கைத்தடியுமாக 5 ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். வலது காலில் பாரம் போடாமல் சாய்ந்தே நடந்ததில், புட்டத்தின் பக்கவாட்டுத் தசை வற்றிவிட்டது. ஒற்றைக்காலில் நிற்கையில் இடுப்பு சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். புது மூட்டு வந்தும் நான் நொண்டினேன். சுவரைப் பிடித்தபடி காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை ஓராண்டு விடாமல் செய்த பிறகே நடை நேரானது. இன்றும் அதிக தூரம் நடந்தால் பழைய சாய்வு எட்டிப்பார்க்கிறது. கைத்தடியை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை தவறான கையில்தான் பிடித்திருந்தேன்!

தாழ்வான நாற்காலி கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்ற கட்டுப்பாடுகளை முதல் 3 மாதங்கள் அப்படியே கடைப்பிடித்தேன். மூட்டு நழுவும் ஆபத்து அப்போதுதான் அதிகம். பிறகு கவனம் தளர்ந்தது. ஒன்பதாம் ஆண்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால் சிகிச்சை முதல் அறுவையைவிடக் கடினம். நல்லவேளை, எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. அன்றே சுவரில் கைப்பிடி பொருத்தினோம்.

வலி இல்லையே என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். செயற்கை மூட்டில் பந்து சுழலும் கிண்ணத்தின் பிளாஸ்டிக் தேய்ந்து உதிரும் துகள்கள் எலும்பை ஓசையின்றி அரிக்கக்கூடும். எக்ஸ்ரேதான் அதை முன்கூட்டியே காட்டும்.

இப்போது இடது இடுப்பு இரவில் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை கைத்தடியை எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டேன்.