சைக்கிளா, பஸ் சீசனா?

தரம் 6க்குப் பெரிய பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு எது நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

காசு
பஸ்: இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) மாணவர் சீசன், அதாவது பருவச்சீட்டு, மானிய விலைதான். தனியார் பஸ்ஸில் அது செல்லாது.
சைக்கிள்: முதலிலேயே பெரிய தொகை, பிறகு கிரவல் றோட்டில் ரயர், ரியூப், பிரேக் கட்டை என்று செலவு வந்துகொண்டே இருக்கும்.

நேரம்
பஸ்: ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) பெருந்தெரு ஓரத்தில் பிரச்சினையில்லை. உள்ளூர்களில் காலையில் ஒரே பஸ், அது தவறினால் 7.30 மணிக்கு முதல் போய்ச் சேரவே முடியாது.
சைக்கிள்: நேரம் பிள்ளையின் கையில். ஆனால் வெறும் வயிற்றோடு மிதிக்க விடாதீர்கள், முதல் பாடத்திலேயே சோர்ந்துவிடும்.

மழையும் பாதுகாப்பும்
கார்த்திகை, மார்கழியில் குளம் வான் பாய்ந்து பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும்போது சைக்கிளில் அனுப்பவே கூடாது. சாதாரண மழையென்றால் புத்தகங்களை யூரியா பையின் உள் பொலித்தீனில் சுற்றிக் கட்டினால் நனையாது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம்போல யானை நடமாடும் இடங்களில் மாலை வகுப்பு முடிந்து தனியே மிதிப்பது ஆபத்து. நெரிசல் பஸ்ஸில் பெண் பிள்ளைகள் படும் தொல்லையும் சின்ன விஷயமில்லை, வீட்டில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

நான்கைந்து கிலோமீற்றருக்குள், கூடப் போகப் பிள்ளைகள் இருந்தால் சைக்கிள். அதற்கு மேல் சீசன். வீடு உள்ளே, பள்ளிக்கூடம் தூரம் என்றால் சந்திவரை சைக்கிள், அங்கிருந்து பஸ்; தெரிந்த கடையில் சொல்லி நிறுத்தலாம், பூட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.